பிரெஞ்சு மேசையில் அந்நிய ஒயின்: ஸ்பானிய ரோஸே விவகாரம் காட்டுவது என்ன?

2016 ஏப்ரல் 4 அன்று, ஸ்பெயின் எல்லைக்கு அருகே லெ பூலூ என்ற பிரெஞ்சு ஊரின் சுங்கச்சாவடியில் திராட்சை விவசாயிகள் ஐந்து டேங்கர் லாரிகளை மறித்தார்கள். வால்வுகளைத் திறந்துவிட்டார்கள். ஏறத்தாழ 70,000 லிட்டர் ஸ்பானிய ஒயின் சாலையில் ஓடி வடிந்தது. அந்தப் படங்கள் உலகம் முழுக்கச் சுற்றின. பார்த்தவர்களில் பலர் எடுத்துக்கொண்ட பொருள், பிரெஞ்சுக்காரர்களுக்கு அடுத்த நாட்டு ஒயின் ஆகாது என்பதுதான்.

கொட்டியவர்கள் ஒயின் விளைவிப்பவர்கள். குடிப்பவர்கள் அங்கே யாரும் இல்லை. பிரெஞ்சு நுகர்வோரின் மனப்போக்கைப் பற்றிப் பேசும்போது இந்த இரண்டு தரப்பையும் ஒன்றாகக் குழப்பிவிடுகிறோம். வாங்குவதற்கு ஆளில்லாத நாட்டுக்கு வாரந்தோறும் யாரும் டேங்கர் அனுப்பமாட்டார்கள். அந்த ஒயின் எங்கே போனது, யார் குடித்தார்கள், என்னவென்று தெரிந்து குடித்தார்களா? இந்தக் கேள்விகளுக்கு, ரோஸே எனப்படும் இளஞ்சிவப்பு ஒயினைப் பற்றி 2018-இல் வெளியான ஒரு விசாரணை அறிக்கை பெரிய அளவில் விடை தருகிறது. அதையே இந்த ஆய்வின் நடுவில் வைக்கிறேன்.

எவ்வளவு வருகிறது, எப்படி வருகிறது

பிரான்ஸ் ஒயின் ஏற்றுமதி செய்யும் நாடு என்பது எல்லோருக்கும் தெரியும். அது பெரிய இறக்குமதி நாடும்கூட. லெ பூலூ போராட்டம் நடந்த காலத்தில் ஆண்டுக்குச் சுமார் 70 லட்சம் ஹெக்டோலிட்டர், அதாவது 70 கோடி லிட்டர், வெளிநாட்டு ஒயின் பிரான்சுக்குள் வந்துகொண்டிருந்தது. நாட்டின் மொத்த ஒயின் நுகர்வில் இது கால் பங்கை ஒட்டிய அளவு. வந்ததில் ஒரு பகுதி மறு ஏற்றுமதிக்கும் வேறு பானங்கள் தயாரிக்கவும் போய்விடுகிறது. அதைக் கழித்தாலும் மீதம் சிறியதல்ல.

இதில் மிகப் பெரும்பகுதி ஸ்பெயினிலிருந்து வருவது. அதுவும் பாட்டிலில் வருவதில்லை, டேங்கரில் மொத்தமாக வருகிறது. ஸ்பெயினின் நடுப்பகுதியான லா மன்ச்சாவில் பரந்த சமவெளித் தோட்டங்கள் இருக்கின்றன. அறுவடை பெரிது, உற்பத்திச் செலவு குறைவு. லிட்டர் அரை யூரோவுக்கும் கீழே கிடைக்கும் அந்த ஒயினை வாங்கும் பிரெஞ்சு மொத்த வியாபாரி, தன் கூடத்தில் பாட்டிலிலோ, குழாய் வைத்த அட்டைப் பெட்டியிலோ அடைக்கிறார். அங்கிருந்து சூப்பர் மார்க்கெட்டின் கீழ்த்தட்டுக்கும், உணவகத்தின் கூஜாவுக்கும், ஆலை, விருந்து மண்டபம் போன்ற இடங்களுக்குச் சாப்பாடு வழங்கும் ஒப்பந்தக்காரரின் சரக்கறைக்கும் போகிறது.

அந்நிய நாட்டுப் பெயர் தாங்கி, பாட்டிலாகவே வந்து, அலமாரியில் கண்ணுக்குப் படும்படி நிற்கும் ஒயினின் அளவு இதோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு. ஆக, பிரெஞ்சுக்காரர் குடிக்கும் அந்நிய ஒயினில் பெரும்பகுதி, அந்நியம் என்று அடையாளம் தெரியாமலே உள்ளே போகிறது.

ரோஸே விவகாரம்

நுகர்வோர் நலனையும் மோசடித் தடுப்பையும் கவனிக்கும் பிரெஞ்சு அரசுத் துறைக்கு 2015-இன் இறுதியில் புகார்கள் வரத் தொடங்கின. ஸ்பானிய ரோஸே பிரெஞ்சு ரோஸே போல விற்கப்படுகிறது என்பது குற்றச்சாட்டு. 2016-இலும் 2017-இலும் அதிகாரிகள் மொத்த வியாபாரிகள், பாட்டிலில் அடைப்பவர்கள், கடைகள், உணவகங்கள் என்று வரிசையாகச் சோதனையிட்டார்கள். முதல் ஆண்டில் பார்த்த இடங்களில் 22 விழுக்காட்டில் ஏதோ ஒரு குறை இருந்தது. முடிவுகள் 2018 ஜூலையில் வெளிவந்தபோது பத்திரிகைகள் முதல் பக்கத்தில் போட்டன. சுமார் 70,000 ஹெக்டோலிட்டர், பாட்டில் கணக்கில் ஏறத்தாழ ஒரு கோடி, பிரெஞ்சு வேடத்தில் விற்பனைக்குப் போயிருந்தது.

முறைகேடுகள் ஒரே தரத்தவை அல்ல. சிலர் ஆவணங்களையே மாற்றி, ஸ்பெயினிலிருந்து வந்ததைப் பிரான்சின் புவிசார் குறியீடு பெற்ற ஒயினாகவே எழுதிவிட்டார்கள். இது அப்பட்டமான திருட்டு. இரண்டு ஆண்டுச் சிறையும் 3 லட்சம் யூரோ அபராதமும் வரை தண்டனை உண்டு. ஆனால் நுகர்வோரைப் பற்றி நமக்கு அதிகம் சொல்வது இரண்டாவது வகை. அங்கே பொய் என்று ஒரு சொல்கூட இருக்காது. லேபிளின் முன்பக்கத்தில் ஒரு பழைய மாளிகையின் கோட்டோவியம், லில்லிப்பூச் சின்னம், பிரெஞ்சுத் தோட்டத்தின் பெயர் போலவே ஒலிக்கும் ஒரு வணிகப் பெயர், 'பிரான்சில் பாட்டிலில் அடைக்கப்பட்டது' என்று ஒரு வரி. அந்த வரி உண்மை. ஸ்பெயின் என்பதோ, ஐரோப்பிய ஒன்றிய ஒயின் என்பதோ பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும். அட்டைப் பெட்டியாக இருந்தால் அடிப்பக்கத்தில்கூட இருக்கும். உணவகத்தில் அதுவும் கிடையாது. கூஜாவுக்கு ஏது லேபிள்? பட்டியலில் வட்டாரப் பெயர் போட்டிருக்கும், மேசைக்கு வேறொன்று வரும்.

ரோஸே ஏன் சிக்கியது? பிரான்சில் குடிக்கப்படும் ஒயினில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று இன்று ரோஸே. உலகில் அதிகம் ரோஸே குடிப்பதும் இந்த நாடுதான். இருபது முப்பது ஆண்டுகளில் தேவை ஏறிய வேகத்துக்கு விளைச்சல் ஈடுகொடுக்கவில்லை. தென்கிழக்குப் பிரான்சின் ப்ரொவான்ஸ் வட்டார ரோஸே விலை உயர்ந்து, அமெரிக்காவுக்கும் பிரிட்டனுக்கும் போகத் தொடங்கியது. கீழ்த்தட்டில் ஏற்பட்ட காலியிடத்தை ஸ்பெயின் நிரப்பியது. அங்கே மொத்த விலை பிரெஞ்சு விலையில் பாதிக்கும் கீழே இருந்தது.

இன்னொரு காரணமும் உண்டு, எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. ரோஸே கோடையில், தோட்டத்தில், கடற்கரையில், ஐஸ் கட்டி போட்டுக் குடிக்கும் பானம். எந்த ஆண்டு அறுவடை, எந்தச் சரிவில் விளைந்தது என்று யாரும் கேட்பதில்லை. பிரெஞ்சு மரபில் ஒயினைச் சூழ்ந்திருக்கும் அத்தனை சடங்கும் ரோஸே விஷயத்தில் தளர்ந்துவிடுகிறது. சடங்கு தளர்ந்த இடத்தில்தான் அந்நிய ஒயின் சத்தமில்லாமல் நுழைந்திருக்கிறது. ஒரு கோடி பாட்டில் குடித்து முடித்தவர்கள் யாரும் ருசியை வைத்து இதைக் கண்டுபிடிக்கவில்லை. விசாரணைக்கு வழி திறந்தது, விலை சரிவதைக் கண்ட விவசாயிகளின் புகார்.

இது புதிய பழக்கம் அல்ல

ஸ்பெயினுக்கு முன்னால் அந்த இடத்தில் அல்ஜீரியா இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஃபைலோக்ஸெரா பூச்சி பிரெஞ்சுத் தோட்டங்களை அழித்தபோது, காலனியில் கொடி நடுவது வேகம் பிடித்தது. 1930-களில் அல்ஜீரியாவின் விளைச்சல் சில ஆண்டுகளில் 2 கோடி ஹெக்டோலிட்டரைத் தொட்டது. அநேகமாக எல்லாமே பிரான்சுக்குப் போனது. தென் பிரான்சின் லாங்கதொக் சமவெளியில் விளைந்த நீர்த்த, வெளிறிய ஒயினுக்கு நிறமும் வீரியமும் ஏற்ற அல்ஜீரிய ஒயினைக் கலந்தார்கள். தொழிலாளி கடையில் கேட்டு வாங்கியது ஊர்ப் பெயர் அல்ல, ஆல்கஹால் அளவுதான்: பத்து டிகிரி, பதினொரு டிகிரி. 1960-களில் ஒரு பிரெஞ்சுக்காரர் சராசரியாக ஆண்டுக்கு 100 லிட்டருக்கு மேல் குடித்தார். அதில் பெரும்பங்கு இந்த அன்றாட ஒயின்.

1962-இல் அல்ஜீரியா விடுதலை பெற்றது. அதே கொடியில் விளைந்த அதே ஒயின் அந்த ஆண்டிலிருந்து வெளிநாட்டுச் சரக்கு ஆனது. குடித்தவர்கள் அதை ஒதுக்கியதாகத் தெரியவில்லை. இறக்குமதியை அடைத்தது அரசு, அதற்கு நெருக்கடி கொடுத்தது தென்பகுதி விவசாயிகள். பிறகு ஐரோப்பியப் பொதுச் சந்தையின் விதிகள் உறுப்பு நாடல்லாத நாட்டு ஒயினைக் கலப்பதையே தடுத்துவிட்டன. அல்ஜீரியாவின் இடத்தை இத்தாலி பிடித்தது, பிறகு ஸ்பெயின்.

விவசாயியின் கோபத்துக்கு இதைவிட நீண்ட வரலாறு இருக்கிறது. 1907-இல் லாங்கதொக் முழுவதும் கிளர்ந்தெழுந்தபோது மோன்பெலியே நகரில் லட்சக்கணக்கானோர் திரண்டார்கள். நார்பனில் ராணுவம் சுட்டதில் உயிர்கள் போயின. அன்றைக்கு அவர்கள் எதிர்த்தது சர்க்கரையும் தண்ணீரும் சேர்த்துச் செய்த போலி ஒயினையும், விலை வீழ்ச்சியையும். அந்தக் குடும்பங்களின் நிலைமை எனக்குப் புரிகிறது. சில ஹெக்டேர் கொடியை வைத்துப் பிழைப்பவருக்கு லிட்டருக்குப் பத்து சென்ட் இறங்கினாலும் அந்த ஆண்டு கடன்தான். ஆனால் அவர்களின் வேதனையை வாங்குபவரின் மனப்போக்காக எழுதிவிட முடியாது.

ஒரே வசந்தத்தில் இரண்டு நிகழ்ச்சிகள்

1976-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். மார்ச் 4 அன்று நார்பனுக்கு அருகே மோன்ரதோனில், மலிவான இத்தாலிய ஒயின் வருவதை எதிர்த்த விவசாயிகளுக்கும் கலவரத் தடுப்புப் போலீசுக்கும் துப்பாக்கிச் சண்டை நடந்தது. ஒரு விவசாயியும் ஒரு போலீஸ் அதிகாரியும் இறந்தார்கள். மூன்று மாதம்கூட ஆகவில்லை, மே 24 அன்று பாரிஸின் இன்டர்கான்டினென்டல் ஹோட்டலில் ஒன்பது பிரெஞ்சு நடுவர்கள் எந்த ஒயின் என்று தெரியாமல் சுவைத்து மதிப்பெண் போட்டார்கள். பாரிஸில் ஒயின் கடை நடத்திய ஆங்கிலேயர் ஸ்டீவன் ஸ்பரியர் ஏற்பாடு செய்தது. வெள்ளை ஒயினில் கலிபோர்னியாவின் ஷாத்தோ மோன்டலீனா 1973 முதலிடம். சிவப்பிலும் கலிபோர்னியாதான், ஸ்டாக்ஸ் லீப் 1973 முதலிடம். பொர்தோவின் மூத்தோன் ரோத்ஷீல்ட் 1970 அதற்கு அடுத்து. நடுவர்களில் ஒருவரான ரேமோன் ஒலிவியே ஒரு வெள்ளை ஒயினைச் சுவைத்து, 'ஆ, பிரான்சுக்குத் திரும்பிவிட்டோம்' என்றார். அவர் கையில் இருந்தது கலிபோர்னிய ஒயின். முடிவு அறிவிக்கப்பட்டதும் இன்னொரு நடுவரான ஒதெத் கான் தன் மதிப்பெண் தாளைத் திருப்பிக் கேட்டார்.

முதல் நிகழ்ச்சி ஒயின் படிக்கட்டின் அடியில் நடந்தது, இரண்டாவது உச்சியில். இரண்டிலும் பிரெஞ்சு நுகர்வோர் இல்லை. இத்தாலிய ஒயின் அவர்கள் மேசைக்குப் பெயரில்லாமல் வந்தது. கலிபோர்னிய ஒயினோ வரவே இல்லை: அந்தப் போட்டிக்கான பாட்டில்களையே அமெரிக்கச் சுற்றுலாக் குழு ஒன்று பயணப் பெட்டிகளோடு சேர்த்துத்தான் கொண்டுவந்தது. பிரெஞ்சுப் பத்திரிகைகள் பல மாதம் அந்தச் செய்தியைத் தொடவில்லை. வாங்கிப் பார்க்கக் கடையில் பாட்டில் இல்லை, படித்துப் பார்க்கச் செய்தியும் இல்லை என்றால், மனப்போக்கு மாற எதுவுமே இல்லை.

நாக்கை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதை 2001-இல் வெளியான பொர்தோ பல்கலைக்கழக ஆய்வு அழுத்தமாகக் காட்டியது. ஃப்ரெதெரிக் ப்ரோஷேயும் சக ஆய்வாளர்களும் ஒரு வெள்ளை ஒயினில் மணமற்ற சிவப்புச் சாயம் கலந்து, ஒயின் இயல் படித்த 54 மாணவர்களிடம் கொடுத்தார்கள். மாணவர்கள் சிவப்பு ஒயினுக்கு உரிய சொற்களாலேயே அதை வருணித்தார்கள். இது பிரெஞ்சுக்காரரின் குறை அல்ல. எந்த நாட்டு நாக்கும் கண் சொன்னதைத்தான் முதலில் கேட்கும். எனவே 'அந்நிய ஒயின் ருசிக்கவில்லை' என்று ஒருவர் சொல்லும்போது, லேபிளைப் பார்த்துவிட்டுச் சொன்னாரா என்று கேட்டாக வேண்டும்.

லேபிளைப் பார்த்து வாங்கும்போது

பார்த்து வாங்கும் இடத்தில் நிலைமை வேறு. விருந்தினர் வருகிறார்கள், ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு, பரிசாகக் கொடுக்க ஒரு பாட்டில் வேண்டும். இங்கே பிரெஞ்சு வாடிக்கையாளர் அநேகமாகப் பிரெஞ்சு ஒயினைத்தான் எடுக்கிறார். தேசப்பற்று என்று ஒரே சொல்லில் இதை முடித்துவிடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

பிரெஞ்சு சூப்பர் மார்க்கெட்டின் ஒயின் பகுதியில் பொர்தோ, பர்கண்டி, ரோன், லுவார், அல்சாஸ் என்று வட்டாரவாரியாக அடுக்கியிருப்பார்கள். ஒயினை அது விளைந்த ஊரின் பெயரால் அடையாளப்படுத்தும், 1935-இல் சட்டமான தோற்றக் குறியீட்டு முறை மூன்று தலைமுறைகளை அப்படிப் பழக்கியிருக்கிறது. ஷாப்லி என்று ஊர்ப் பெயர் சொல்லிக் கேட்டு வாங்குபவருக்கு அது ஷார்டனே திராட்சை என்பது தெரிந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. சிலியிலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் வரும் பாட்டிலோ திராட்சை வகையைத்தான் பெரிய எழுத்தில் போடுகிறது. ஊர்ப் பெயரைத் தேடும் கண்ணுக்கு அதில் பிடிப்பதற்கு ஒன்றுமில்லை. பிரான்சிலேயே எளிய மேசை ஒயினின் லேபிளில் திராட்சைப் பெயரும் அறுவடை ஆண்டும் போடலாம் என்று அனுமதி வந்தது 2009-இல்தான்.

ஊர்ப் பெயர் மீதான பற்று உள்நாட்டிலும் எல்லை போடுகிறது. பொர்தோ நகர உணவகத்தில் பர்கண்டி ஒயின் தேடினால் பட்டியலின் கடைசியில் ஒன்றிரண்டு இருந்தால் அதிகம். அல்சாஸ் நகரமான ஸ்ட்ராஸ்பூர்கில் அல்சாஸ் ஒயின்தான் ராஜா. பொர்தோக்காரருக்குப் பர்கண்டியே வெளியூர் என்றால், சிலியைப் பற்றிச் சொல்ல வேண்டுமா? அவர் மனத்தில் இருக்கும் கோடு நாட்டின் எல்லையில் போட்டதல்ல, தனக்குத் தெரிந்த ஊர்களைச் சுற்றிப் போட்டது.

விலையும் இருக்கிறது. லண்டனில் பிரெஞ்சு ஒயினும் சிலி ஒயினும் இரண்டுமே கப்பலேறி வந்து, ஒரே வரி கட்டி, ஒரே அலமாரியில் போட்டியிடும். பிரான்சிலோ நான்கைந்து யூரோவுக்கு ரோன் பள்ளத்தாக்கிலிருந்தோ லாங்கதொக்கிலிருந்தோ நல்ல பாட்டில் கிடைக்கும். கடல் தாண்டி வந்த ஒயினுக்கு அந்த விலையில் சொல்லும்படியான அனுகூலம் இல்லை. கடைக்காரரும் உணவக ஒயின் பரிமாறுபவரும் கற்றதெல்லாம் பிரெஞ்சு வரைபடம். தெரியாததை அவர்கள் சிபாரிசு செய்யத் தயங்குவது இயல்பு.

நம் வீட்டுச் சமையலில் இட்லிக்கு எந்த ஊர் அரிசி என்று பார்க்காமல் வாங்குகிறவர்களே பிரியாணி என்றதும் சீரகச் சம்பா வேண்டும் என்று பெயர் சொல்லிக் கேட்பார்கள். பிரெஞ்சு ஒயின் வாங்குவோரும் இப்படித்தான் இரண்டு மனத்தோடு வாங்குகிறார்கள்.

கூப்பிட்டு உட்கார வைத்த விருந்தாளிகள்

முழுப் பெயரோடு, தயக்கமின்றி ஏற்கப்பட்ட அந்நிய ஒயின்களும் உண்டு. போர்ச்சுகல் நாட்டு போர்ட் ஒயினை அளவில் உலகிலேயே அதிகம் வாங்கும் நாடு பிரான்ஸ்; இங்கிலாந்தை முந்திப் பல பத்தாண்டுகள் ஆகின்றன. ஆங்கிலேயர் சாப்பாடு முடிந்த பிறகு பாலாடைக்கட்டியோடு குடிப்பார்கள். பிரெஞ்சுக்காரர் சாப்பாட்டுக்கு முன்னால், பசியைக் கிளற ஒரு சிறு கோப்பை ஊற்றிக்கொள்வார்கள். அந்த வேளைக்கு உள்ளூரில் இனிப்பு ஒயின்கள் இல்லாமல் இல்லை, பன்யுல்ஸ் இருக்கிறது, ரிவசால்த் இருக்கிறது. இருந்தும் போர்ட் அந்த இடத்தைப் பிடித்துவிட்டது.

மொராக்கோவின் வெளிர் ரோஸேயான கிரி தெ பூலவான் இன்னொரு எடுத்துக்காட்டு. வட ஆப்பிரிக்க உணவான கூஸ்கூஸ் பிரான்சில் இன்று வீட்டுச் சாப்பாடு போல ஆகிவிட்டது. கூஸ்கூஸ் கடையில் உட்கார்ந்தால் பூலவான் கேட்பது வழக்கம். யாரும் அதை அந்நியம் என்று தள்ளுவதில்லை. பீட்சாவோடு இத்தாலியின் கியான்டி, லாம்ப்ருஸ்கோ. கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் ஸ்ப்ரிட்ஸ் என்ற கலவைப் பானத்தின் மோகத்தோடு, அதில் சேரும் இத்தாலிய நுரை ஒயினான ப்ரொசெக்கோ. இவை எல்லாவற்றையும் உள்ளே அழைத்து வந்தது ஒரு பண்டம் அல்லது ஒரு வேளை. பிரெஞ்சு சிவப்பு ஒயின் உட்கார்ந்திருக்கும் நாற்காலியை இவை கேட்கவில்லை. பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டுக்கொண்டன.

அந்த நாற்காலியைத் தொட்டால் எதிர்ப்பு வரும். 2016-இலேயே அது நடந்தது. டூர் தெ பிரான்ஸ் சைக்கிள் போட்டி சிலி நாட்டின் கோனோ சூர் நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்திருந்தது. பிரான்சில் மதுவிளம்பரத்தை 1991-ஆம் ஆண்டின் எவான் சட்டம் கடுமையாகக் கட்டுப்படுத்துவதால், அந்த ஒப்பந்தம் வெளிநாட்டில் நடக்கும் கட்டங்களுக்கு மட்டுமே. தென் பிரான்சின் ஓட் மாவட்ட விவசாயிகள் போட்டியை மறிப்போம் என்று எச்சரித்தார்கள். இங்கும் குரல் கொடுத்தது விளைவிப்பவர்தான். ஆனால் இந்த முறை பொதுமக்களிடமும் அது எடுபடக்கூடியது. தேசிய விழா போன்ற ஒரு போட்டியில் வேறு நாட்டுப் பாட்டில் நிற்பது ஒரு சாதாரணக் குடிமகனுக்கும் உறுத்தும். அவர் சந்தை நாளில் வாங்கும் பெட்டி ரோஸே ஸ்பெயினுடையதாக இருந்தாலும் உறுத்தும்.

இனி எதைக் கவனிப்பது

ரோஸே விவகாரத்துக்குப் பின், 2020 ஜூனில் வந்த வேளாண் பொருள் விவரச் சட்டம், உணவகங்களும் மதுக்கடைகளும் கூஜாவிலும் கோப்பையிலும் விற்கும் ஒயினுக்கும் அது எங்கிருந்து வந்தது என்பதைக் குறிப்பிடச் சொல்கிறது. என் பார்வையில், இத்தனை ஆண்டு நுகர்வோரிடம் கேட்காமலே விட்ட கேள்வியை இது முதன்முறையாகக் கேட்கிறது. பட்டியலில் 'ஸ்பெயின், கூஜா 6 யூரோ', 'லாங்கதொக், கூஜா 9 யூரோ' என்று அடுத்தடுத்து எழுதியிருந்தால் கை எதைக் காட்டும்? வாடிக்கையாளர் பிரெஞ்சு ஒயினையே தேர்ந்தெடுத்தால் விவசாயிகளின் வாதம் உறுதிப்படும். மூன்று யூரோ மிச்சத்தைத் தேர்ந்தெடுத்தால், விலைதான் இத்தனை காலமும் முடிவு செய்தது என்பது வெளிப்படையாகும். கூஜா விஷயத்தில் இரண்டாவதுதான் நடக்கும் என்பது என் கணிப்பு. பாட்டில் விஷயத்தில் முதலாவது.

விவசாயிகள் 2023 அக்டோபரில் மறுபடி லெ பூலூவில் ஸ்பானிய லாரிகளை மறித்தார்கள். அதே ஆண்டில் பொர்தோவில், விலை போகாத ஒயினைத் தரும் கொடிகளைப் பிடுங்க ஹெக்டேருக்கு 6,000 யூரோ உதவித்தொகை அறிவிக்கப்பட்டது. பொர்தோவின் அந்தக் கொடிகளை ஸ்பானிய டேங்கர் வீழ்த்தவில்லை. 1960-களில் ஆண்டுக்கு 100 லிட்டரைத் தாண்டிய ஒருவரின் குடி இன்று 50-க்கும் கீழே இறங்கியிருக்கிறது. மதியச் சாப்பாட்டோடு சிவப்பு ஒயின் குடிக்கும் வழக்கம் நகரங்களில் அநேகமாக மறைந்துவிட்டது. இளைய தலைமுறை பீர் பக்கமும் ஸ்ப்ரிட்ஸ் பக்கமும் போகிறது. ஸ்ப்ரிட்ஸ் கோப்பையில் இருப்பது இத்தாலிய ஒயின் என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும். லேபிளை மறைக்க வேண்டிய தேவை அங்கே யாருக்கும் இல்லை.